நீர் ஆமைக்குத் தொட்டி: வாங்குமுன் கேட்க வேண்டியவை

கேள்வி: கண்ணுக்குப் பின்னால் சிவப்புப் பட்டை உள்ள, தீப்பெட்டி அளவு ஆமைக்குஞ்சைக் கடையில் பார்த்தோம். "இரண்டடித் தொட்டி போதும், இதற்கு மேல் வளராது" என்கிறார் கடைக்காரர். நம்பலாமா?

பதில்: நம்ப வேண்டாம். நீங்கள் பார்த்தது ரெட் இயர்டு ஸ்லைடர். அதன் பெண் ஆமை 25 முதல் 30 செ.மீ. வரை வளரும், ஆண் சுமார் 20 செ.மீ. ஒழுங்காகப் பராமரித்தால் 20, 30 ஆண்டுகள் உயிரோடிருக்கும். குஞ்சுப் பருவத்தில் ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்ல முடியாது என்பதால், பெரிய அளவை மனத்தில் வைத்தே முடிவெடுங்கள்.

ஓட்டின் நீளத்தில் ஓர் அங்குலத்துக்கு 40 லிட்டர் தண்ணீர் என்பது ஆமை வளர்ப்பவர்கள் வைத்திருக்கும் கணக்கு. 60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 36 செ.மீ. உயரமுள்ள இரண்டடித் தொட்டி விளிம்புவரை நிரப்பினாலும் 65 லிட்டர்தான். ஆமை ஒன்றரை அங்குலத்தைத் தாண்டும்போதே அது பற்றாது. பத்து அங்குலப் பெண் ஆமைக்கு 400 லிட்டர் வேண்டும். தண்ணீரின் எடையே 400 கிலோ. சாதாரண மேசை தாங்காது.

இடம் குறைவென்றால் காமன் மஸ்க் ஆமையைப் பாருங்கள். வளர்ந்த பிறகும் 8 முதல் 13 செ.மீ.தான். மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலமுள்ள தொட்டி ஒன்றுக்குப் போதும். இது நீந்துவதைவிடத் தண்ணீருக்கடியில் தொட்டித் தரையில் நடப்பதையே விரும்பும். ஏறி வந்து மூச்சுவிட மரத்துண்டும் கல்லும் போட்டுவையுங்கள். ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: பயந்தால் நாற்றம் விடும், கழுத்தை நீட்டிக் கடிக்கவும் செய்யும். கையில் எடுத்துக் கொஞ்ச ஏற்றதல்ல.

எந்த இனமானாலும், அதை வளர்க்க உங்கள் ஊர்ச் சட்டம் இடம் தருகிறதா என்று முதலில் விசாரியுங்கள். ஏரியிலோ ஆற்றிலோ பிடித்ததை வாங்காதீர்கள். பிறகு ஆமையைக் கையில் தூக்கச் சொல்லிப் பாருங்கள்: கால்களை உதைத்துத் தள்ள வேண்டும், கண் முழுதாகத் திறந்திருக்க வேண்டும், மூக்கில் குமிழி கூடாது. தண்ணீரில் விட்டதும் ஒரு பக்கம் சாய்ந்து மிதந்தால் நுரையீரலில் கிருமி இருக்கலாம். உங்கள் கண்ணெதிரே இரை போடச் சொல்லுங்கள். தின்னாததை வாங்காதீர்கள்.

கேள்வி: தொட்டி ஜன்னலோரம் இருக்கிறது, காலையில் நல்ல வெயில். யுவிபி (புற ஊதா-பி கதிர்) விளக்கு வாங்கத்தான் வேண்டுமா?

பதில்: கட்டாயம் வேண்டும். ஜன்னல் கண்ணாடி வெளிச்சத்தையும் சூட்டையும் விடும். யுவிபி கதிரைப் பெரும்பாலும் தடுத்துவிடும். அந்தக் கதிர் பட்டால்தான் ஆமையின் தோலில் வைட்டமின் டி3 உருவாகும். அது இல்லாமல் தின்ற கால்சியம் ஓட்டில் சேராது. ஓடு மெத்தென்று அமுங்குவதும் கால் எலும்பு வளைவதும் இப்படித்தான். வெயில் நேராக விழும் சிறு தொட்டியில் தண்ணீர் சூடேறி ஆமை செத்தும் போகும். தொட்டியை அங்கிருந்து நகர்த்துங்கள்.

விளக்கு இரண்டு தேவை. ஒன்று, ஆமை தண்ணீரைவிட்டு ஏறிக் குளிர்காயும் மேடைக்குச் சூடு தர. ஆமையின் முதுகு இருக்கும் உயரத்தில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தால் 32 முதல் 35 டிகிரி செல்சியஸ் காட்ட வேண்டும். மற்றது யுவிபி குழல் விளக்கு, 5 சதவீத வகை. பெட்டியில் அச்சிட்ட தூரத்தில் மாட்டுங்கள். நடுவில் கண்ணாடியோ அக்ரிலிக் மூடியோ இருந்தால் வாங்கிய காசு வீண். கம்பி வலைகூட ஒரு பங்கைத் தடுக்கும். தினம் 10 முதல் 12 மணி நேரம் எரியட்டும். முக்கியமானது இதுதான்: குழல் பளிச்சென்று எரிந்துகொண்டே இருக்கும், யுவிபி மட்டும் குறைந்துபோயிருக்கும். மாட்டிய தேதியைக் குழலின் முனையில் மார்க்கரால் எழுதிவைத்து, தயாரிப்பாளர் சொன்ன காலத்தில், அதாவது பொதுவாக 6 முதல் 12 மாதத்தில், மாற்றிவிடுங்கள்.

மேடை முழுக்க உலர்ந்திருக்க வேண்டும். பாதி மூழ்கிய மிதவையில் ஆமை ஏறினாலும் அடிப்பக்கம் காயாது. ஓட்டில் அழுகல் பிடிக்கும்.

கேள்வி: ஃபில்டர் ஓடியும் மூன்றே நாளில் தண்ணீர் நாறுகிறது. ஃபில்டர் பழுதா?

பதில்: பெரும்பாலும் பழுதல்ல, அளவு போதவில்லை. பெட்டியில் போட்டிருக்கும் லிட்டர் கணக்கு மீனுக்கானது; ஆமை அதைவிட மிக அதிகமாகக் கழிக்கும். 150 லிட்டர் தண்ணீருக்கு 300 முதல் 450 லிட்டர் தொட்டிக்கென்று விற்கும் கேனிஸ்டர் ஃபில்டர் (தொட்டிக்கு வெளியே வைக்கும் வகை) வாங்குங்கள்.

அதைக் கழுவும் முறையிலும் தப்பு நடக்கிறது. ஸ்பாஞ்சைக் குழாயடியில் வெள்ளையாகும்வரை பிழிந்தால், கழிவில் உண்டாகும் அமோனியாவை முறிக்கும் பாக்டீரியாவும் குளோரினில் செத்துப்போகும். அடுத்த சில நாளில் நாற்றம் இன்னும் கூடும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே லேசாக அலசுங்கள். வாரம் கால் பங்கு முதல் பாதிவரை தண்ணீர் மாற்றி, புதுத் தண்ணீரில் குளோரினைப் போக்கும் மருந்தைச் சேருங்கள். பத்து நிமிடத்தில் தின்னாத இரையை வலையால் அள்ளிவிடுங்கள்.

சின்னக் கூழாங்கல் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். அழுக்கு அதற்கடியில் தங்கும். ஆமை அதை விழுங்கிக் குடலும் அடைத்துக்கொள்ளும். வெறும் தரையே போதும். கல் வேண்டுமென்றால் ஆமையின் தலையைவிடப் பெரியதாக. பாத்திரம் கழுவும் தொட்டியில் கல், ஸ்பாஞ்ச் எதையும் கழுவாதீர்கள், மனிதருக்கு வயிற்றுப்போக்கு தரும் சால்மொனெல்லா கிருமி இருக்கும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் உள்ள வீட்டில் ஆமையே வேண்டாம் என்பது எங்கள் கருத்து.

கேள்வி: ஒற்றையாக இருக்கிறதே என்று இன்னொன்று வாங்கலாமா?

பதில்: வேண்டாம். ஆமை துணை தேடி ஏங்காது. மேடைக்கும் இரைக்கும் சண்டையிட்டு வாலையும் விரலையும் கடிக்கும்.

கேள்வி: கண் இரண்டும் வீங்கி மூடிக்கொண்டன. தருவது காய்ந்த இறால் மட்டும். சொட்டு மருந்து போதுமா?

பதில்: காய்ந்த இறாலில் முழுச் சத்து கிடையாது. வைட்டமின் ஏ குறைந்தால் கண் இப்படி வீங்கும். அழுக்குத் தண்ணீராலும் வீங்கும். கண் தெரியாத ஆமை இரை தின்னாது, ஆகவே ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் உடனே காட்டுங்கள். வைட்டமின் ஏ-யை நீங்களாக ஊற்றாதீர்கள், அளவு மீறினால் தோல் உரியும். தேறிய பிறகு ஆமைக்கான பெல்லட்டை (உருண்டைத் தீனி), வேளைக்கு அதன் தலையளவு, முக்கிய உணவாக்குங்கள். வளர்ந்த ஆமைக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் போதும்.