எழுத்து சின்னதாக இருந்தால் ரெசல்யூஷனைக் குறைக்கலாமா? வாசகர் கேள்விகள்

அப்பாவுக்குப் பார்வை குறைவு. எழுத்து பெரிதாகத் தெரியட்டும் என்று ரெசல்யூஷனை 1920 × 1080-இலிருந்து 1280 × 720 ஆகக் குறைத்தேன். பெரிதாகிவிட்டது, ஆனால் எல்லாமே மங்கல். மானிட்டர் கெட்டுவிட்டதா?

மானிட்டர் நன்றாகத்தான் இருக்கிறது. ரெசல்யூஷன் என்பது படத்தில் குறுக்கே எத்தனை புள்ளிகள், மேலிருந்து கீழே எத்தனை புள்ளிகள் என்ற கணக்கு. எல்சிடி, எல்இடி திரைகளில் எத்தனை புள்ளிகள் என்பது தயாரிக்கும்போதே முடிவாகிவிடும். உங்கள் திரையில் குறுக்கே 1920 இருக்கின்றன. 1280 புள்ளிப் படத்தை அதில் நிரப்ப, ஒவ்வொரு புள்ளியையும் ஒன்றரை மடங்கு நீட்ட வேண்டும். அரைப் புள்ளியை எரியவிட முடியாது. அதனால் பக்கத்துப் புள்ளிகளின் நிறங்களைக் கலந்து திரை சமாளிக்கிறது. ‘ண’வின் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டுவதும், ‘க்’கின் மேல்புள்ளி கரைவதும் இதனால்தான்.

‘ரெகமண்டட்’ என்று போட்டிருக்கும் ரெசல்யூஷனுக்கே திரும்பிவிடுங்கள். டெஸ்க்டாப்பில் ரைட் கிளிக் செய்து ‘டிஸ்பிளே செட்டிங்ஸ்’ போனால், ரெசல்யூஷனுக்கு மேலேயே ‘ஸ்கேல்’ இருக்கும். அதை 125 அல்லது 150 சதவீதம் ஆக்குங்கள். எழுத்து பெரிதாகும், கூர்மையும் குறையாது. எழுத்து மட்டும் பெரிதானால் போதும் என்றால், விண்டோஸ் 11-இல் ‘அக்சஸிபிலிட்டி’க்குள் ‘டெக்ஸ்ட் சைஸ்’ தனியாக இருக்கிறது.

பெரியவர்களுக்கு உதவுவதாக நினைத்துப் பலரும் ரெசல்யூஷனைத்தான் குறைக்கிறார்கள். மங்கிய எழுத்தை உற்றுப் பார்த்துப் பார்த்து அவர்களுக்குத் தலைவலிதான் மிச்சம். தயவுசெய்து அப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவர் சொல்லும் அளவை வையுங்கள்.

விண்டோஸைப் புதிதாகப் போட்டபின் 1024 × 768-ஐத் தாண்டி மாற்றவே முடியவில்லை.

பெரும்பாலும் கிராபிக்ஸ் டிரைவர், அதாவது திரைக்குப் படம் அனுப்பும் சிப்பை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருள், ஏறியிருக்காது. டிவைஸ் மேனேஜரில் ‘டிஸ்பிளே அடாப்டர்ஸ்’ திறந்து பாருங்கள். ‘மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்பிளே அடாப்டர்’ என்றிருந்தால் சந்தேகமே இல்லை. இணைய இணைப்பு கொடுத்து விண்டோஸ் அப்டேட்டை ஓடவிடுங்கள். அப்படியும் வராவிட்டால், கணினி அல்லது கிராபிக்ஸ் சிப் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து இறக்கிக்கொள்ளுங்கள். எல்லா டிரைவரையும் தானே தேடித் தருவதாகச் சொல்லும் இலவச மென்பொருள்கள் பக்கம் போகவே வேண்டாம்.

ரெசல்யூஷனை மாற்றினால் திரை கறுப்பாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

பயப்படாதீர்கள். மாற்றியதும் ‘கீப் சேஞ்சஸ்’ என்று விண்டோஸ் கேட்கும். திரையில் ஒன்றும் தெரியாவிட்டால் எதையும் தொடாமல் இருங்கள். சுமார் 15 விநாடியில் தானாகவே பழைய அமைப்புக்குத் திரும்பிவிடும்.

எச்டிஎம்ஐ கேபிளில் டிவியை இணைத்தால் டாஸ்க்பார் பாதி வெட்டுப்படுகிறது. 4கே டிவி, மவுஸும் தயங்கித் தயங்கி நகர்கிறது.

இவை இரண்டு தனிப் பிரச்சினைகள். வெட்டுப்படுவது, டியூப் டிவி காலத்திலிருந்து வரும் ‘ஓவர்ஸ்கேன்’ பழக்கம். டிவி படத்தின் ஓரங்களைக் கொஞ்சம் நறுக்கிவிடும். ரிமோட்டில் படத்தின் அளவுக்கான மெனுவில் ‘ஜஸ்ட் ஸ்கேன்’ அல்லது ‘ஸ்கிரீன் ஃபிட்’ வையுங்கள். பெயர் டிவிக்கு டிவி மாறும்.

அப்புறம் மவுஸ். ‘டிஸ்பிளே செட்டிங்ஸ்’ போய், ‘அட்வான்ஸ்டு டிஸ்பிளே’யில் ரிஃப்ரெஷ் ரேட் (விநாடிக்கு எத்தனை முறை படம் புதுப்பிக்கப்படுகிறது என்ற கணக்கு) 30 ஹெர்ட்ஸ் என்று இருக்கிறதா பாருங்கள். எச்டிஎம்ஐ 1.4 போர்ட் உள்ள பழைய கணினிகளால் 4கே படத்தை அந்த வேகத்தில்தான் அனுப்ப முடியும். ரெசல்யூஷனை 1920 × 1080 ஆக்கினால் 60 ஹெர்ட்ஸ் கிடைக்கும். 4கே-யின் (3840 × 2160) நீளத்திலும் உயரத்திலும் இது சரிபாதி என்பதால், முதல் கேள்வியில் சொன்ன ஒன்றரைப் புள்ளித் தொல்லை இங்கே வராது.