ஊட்டிக்கு சைக்கிளில் ஏற கல்லட்டி வழி சரியா?

கேள்வி: எனக்கு வயது 43, திருப்பூரில் இருக்கிறேன். இரண்டு வருடமாக ரோடு சைக்கிள் ஓட்டுகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சமவெளியில் 80 கி.மீ. வரை சிரமமில்லாமல் போய்வருவேன். மலை ஏறியதில்லை. பொங்கல் விடுமுறையில் நண்பர்கள் இருவரோடு ஊட்டிக்கு சைக்கிளில் போக ஆசை. ஏற்பாட்டாளர் ஒருவர் எங்களை வேனில் மசினகுடி கொண்டுபோய், அங்கிருந்து கல்லட்டி வழியாக ஏறவைப்பதாகச் சொல்கிறார். மறுநாள் குன்னூர் வழியாக மேட்டுப்பாளையத்துக்கு இறக்கமாம். சைக்கிள் பர்மிட், இ-பாஸ், வழித்துணை எல்லாம் சேர்த்து தலைக்கு 6,500 ரூபாய் கேட்கிறார். என் சைக்கிளில் முன்னால் 50, 34 பல் சக்கரங்கள், பின்னால் 11 முதல் 28 பல் வரை. இது போதுமா? கல்லட்டி எங்களால் முடியுமா?

பதில்: அவரிடம் இன்னும் பணம் கட்டவில்லை என்று நம்புகிறேன். கட்டாதீர்கள். கல்லட்டி உங்களுக்கு இப்போது வேண்டாம். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி வழியாக ஏறுங்கள், அதையும் இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பொங்கல் விடுமுறையை விட்டுவிட்டு ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ ஒரு வார நாளில் போங்கள். பின்னால் 28 பல் போதாது.

மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து 300 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே இருக்கிறது. ஊட்டி சுமார் 2,240 மீட்டர். எந்த வழியில் போனாலும் மலை மலைதான், ஆனால் எவ்வளவு தூரத்தில் அந்த உயரத்தை ஏறுகிறீர்கள் என்பதைப் பொறுத்து உங்கள் முட்டியின் கதி மாறும். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு ஏறக்குறைய 33 கி.மீ. அந்த தூரத்தில் 1,450 மீட்டர் அளவுக்கு ஏறுகிறோம். நூறு மீட்டர் ஓட்டினால் நாலரை, ஐந்து மீட்டர் உயர்கிறது. சீரான ஏற்றம், மூச்சு வாங்கினாலும் தாளம் கெடாது. கல்லட்டியில் அடிவாரத்திலிருந்து தலைகுந்தா வரை 12, 13 கி.மீ.க்குள் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறியாக வேண்டும். 36 கொண்டை ஊசி வளைவுகள். நூறு மீட்டருக்கு ஒன்பது, பத்து மீட்டர் உயரும், சில இடங்களில் அதற்கும் மேலே. சமவெளியில் 80 கி.மீ. ஓட்டிய பழக்கம் இங்கே உதவாது, ஏனென்றால் சமவெளியில் பெடலை நிறுத்தினாலும் சைக்கிள் கொஞ்ச தூரம் ஓடும். இங்கே மிதிப்பதை விட்ட அடுத்த நொடியே நின்றுவிடும், பெடலோடு பூட்டிக்கொள்ளும் கிளிப் ஷூ மாட்டியிருந்தால் அப்படியே சாய்வீர்கள்.

பல் கணக்கு இதுதான். முன்னால் 34, பின்னால் 28 என்றால் பெடல் ஒரு சுற்று சுற்றும்போது சைக்கிள் இரண்டரை மீட்டர் முன்னே போகும். பின்னால் 34 போட்டால் இரண்டு மீட்டரும் கொஞ்சமும் போகும். ஒவ்வொரு மிதியிலும் அந்த அரை மீட்டர் குறைவதால் கால் சுலபமாகச் சுற்றும். நிமிடத்துக்கு 60 சுற்றுக்குக் கீழே இறங்கி, எழுந்து நின்று அழுத்தி அழுத்தி ஏறுகிறவர்கள்தான் மறுநாள் முட்டி வலி என்று வருகிறார்கள். ஆகவே பின்சக்கரத்துக்கு 11-34 கேசட் (பல்சக்கர அடுக்கு) போடுங்கள். ஒன்றை மட்டும் கடையில் கேட்டு உறுதி செய்யுங்கள்: பின்னால் தொங்கி, செயினைத் தள்ளி கியர் மாற்றுகிற பாகம் 34 பல்லைத் தாங்குமா என்று. குட்டைக் கையுள்ளது பல சைக்கிள்களில் தாங்காது. செயின் நீளத்தையும் புதிதாக அளந்து போட வேண்டும். இவ்வளவுதான் செலவு. இதைச் சொல்லிக்கொண்டு கடைக்குப் போனால், மலைக்குக் கார்பன் வீல் வேண்டும் என்று உங்களிடம் பெரிய தொகைக்குப் பேசுவார்கள். உங்கள் சைக்கிளில் சக்கர விளிம்பையே பிடிக்கும் ரிம் பிரேக் இருந்தால் கார்பன் வீல் மட்டும் வாங்கவே வாங்காதீர்கள். ஏன் என்று இறக்கத்தைப் பற்றிப் பேசும்போது சொல்கிறேன்.

கல்லட்டிக்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது. அதன் அடிவாரத்துக்குப் போவதற்கே, உங்கள் பக்கத்திலிருந்து, ஊட்டி ஏறி, கூடலூர் இறங்கி, தெப்பக்காடு வழியாக மசினகுடி போக வேண்டும். இது முதுமலை புலிகள் காப்பகம். யானை சாதாரணமாக ரோட்டைக் கடக்கும் இடம். அந்த ரோட்டில் சைக்கிளில் தனியாகப் போவதை நான் யாருக்கும் சொல்வதில்லை. நீலகிரிக்கு நடக்கும் ‘டூர் ஆஃப் நீல்கிரீஸ்’ சைக்கிள் பயணம் 2008-ல் தொடங்கியது, கல்லட்டி அதில் பேர்போன ஏற்றம். அதில் வருகிறவர்கள் மாதக்கணக்கில் பயிற்சி எடுத்தவர்கள், கூடவே ஆதரவு வண்டிகள் வருகின்றன. அந்தப் படங்களைக் காட்டி உங்களைப் போன்றவர்களிடம் ‘கல்லட்டி சேலஞ்ச்’ என்று விற்கிறார்கள். ஆசையைக் குறை சொல்லவில்லை. கோத்தகிரியை இரண்டு மூன்று தரம் ஏறிய பிறகு, அடுத்த வருடம் கல்லட்டி போங்கள்.

இப்போது அந்த 6,500 ரூபாய். அதில் ‘சைக்கிள் பர்மிட்’ என்று ஒரு வரி இருக்கிறது பாருங்கள், எனக்குக் கோபம் வருவது அங்கேதான். மேட்டுப்பாளையம்-கோத்தகிரி-ஊட்டி ரோடு பொது நெடுஞ்சாலை. அதில் சைக்கிள் மிதித்துப் போக யாரிடமும் அனுமதி வாங்க வேண்டாம், யாருக்கும் காசு கொடுக்க வேண்டாம். இ-பாஸ் என்பது சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின் பேரில் 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வருகிற வண்டிகளுக்காகக் கொண்டுவந்தது. உங்கள் சைக்கிளுக்கு அது கிடையாது. வண்டிக்கே கூட அது இலவசம். அரசு இணையதளத்தில் போன் நம்பர், வண்டி எண், எத்தனை பேர், எத்தனை நாள் என்று நிரப்பினால் வந்துவிடும். இலவசமான ஒன்றை எடுத்துக் கொடுத்து நூறு, இருநூறு வாங்குவதையே பிழைப்பாக வைத்திருக்கிறார்கள். அதில் சைக்கிளையும் சேர்த்து பர்மிட் என்று பெயர் போட்டு விற்பது வெறும் ஏமாற்று.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் தேவை. நீங்கள் மூவரும் சைக்கிளில் போக, பை, துணி, சாப்பாட்டை ஏற்றிக்கொண்டு உங்கள் அண்ணனோ நண்பரோ திருப்பூரிலிருந்து காரில் பின்னால் வந்தால், அந்தக் காருக்கு இ-பாஸ் வேண்டும். கோத்தகிரி வரைக்கும்தான் வருகிறது, ஊட்டிக்குப் போகவில்லை என்றாலும் வேண்டும், ஏனென்றால் இது ஊட்டி ஊருக்கு மட்டும் அல்ல, மாவட்டத்துக்கே. சைக்கிளைக் காரின் மேல் கட்டிக்கொண்டு போய் மேலே இறக்கினாலும் கார் கார்தான். ஆனால் கோத்தகிரியிலிருந்தோ ஊட்டியிலிருந்தோ உள்ளூர் வாடகை வண்டியை வரச்சொல்லி, அது நீலகிரி பதிவான டி.என். 43 எண்ணாக இருந்தால், அதற்கு விலக்கு உண்டு. அரசு பஸ்ஸில் வருகிறவர்களுக்கும் தேவையில்லை. அதனால் என் யோசனை: சொந்தக் காரை மேட்டுப்பாளையத்தில் நிறுத்திவிட்டு, உள்ளூர் ஜீப் ஒன்றைப் பேசிக்கொள்ளுங்கள். அந்த ஓட்டுநருக்கு ரோட்டின் ஒவ்வொரு வளைவும் தெரியும். யானை நின்றால் எங்கே நிறுத்த வேண்டும் என்பதும் தெரியும். அது எந்த வழித்துணையை விடவும் மேல்.

யானை என்றதும் நேரம். கோத்தகிரி ரோட்டில் குஞ்சப்பனை பகுதியில் யானை வரும், பலாப்பழ சீசனில் இன்னும் அதிகம். இருட்டில் ஏறத் தொடங்காதீர்கள். வெயிலுக்கு முன் ஏறிவிடலாம் என்று நாலு மணிக்குக் கிளம்புகிறவர்கள் உண்டு, அது வேண்டவே வேண்டாம். நன்றாக விடிந்து ஏழு மணிக்குக் கிளம்புங்கள். முந்தின இரவு மேட்டுப்பாளையத்தில் தங்கினால் அவசரம் இருக்காது. தண்ணீருக்கு உங்கள் சைக்கிள் பாட்டில் இரண்டு போதும், நிரப்பிக்கொண்டே போகலாம். கடையில் வாங்கிய பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலை எடுத்துப் போகாதீர்கள், நீலகிரியில் தடை, சோதனைச்சாவடியில் பிடுங்கிவிடுவார்கள். ஜெல், சாக்லேட் சாப்பிட்டால் உறையை பாக்கெட்டில் வைத்துக் கொண்டுவாருங்கள்.

கோத்தகிரியில் ஒரு இரவு. மறுநாள் ஊட்டி, முப்பது கி.மீ.க்குள். இந்தப் பகுதியைக் குறைத்து எடைபோடாதீர்கள். கட்டபெட்டு வழியாக ஏறி இறங்கி, கடைசியில் தொட்டபெட்டா சந்திப்பு வரை ஏறுகிறது. அந்த இடம் ஊட்டியை விட உயரம். அங்கிருந்து ஊட்டிக்கு இறக்கம்தான். தொட்டபெட்டா சிகரம் 2,637 மீட்டர், அதற்குப் பிரியும் குட்டி ரோடு செங்குத்து. கால் இருந்தால் பாருங்கள்.

சரி, இறக்கம். உங்கள் கடிதத்தில் இதைப் பற்றி ஒரு வரிதான் இருக்கிறது. ஆள் விழுவது பெரும்பாலும் இங்கேதான். ஏறும்போது மணிக்கு 8 கி.மீ., இறங்கும்போது பிரேக்கை விட்டால் 50-ஐத் தாண்டும். பயந்து பிரேக்கை விடாமல் அழுத்திக்கொண்டே வருவார்கள். ரிம் பிரேக் சைக்கிளில் ரிம் தோசைக்கல்லாக சூடேறும். அலுமினிய ரிம்மில் உள்ளே டியூப் வெடிக்கும். கார்பன் ரிம்மில் அதைப் பிணைத்திருக்கும் பசையே இளகி ரிம் உப்பிவிடும். அதனால்தான் அந்த வீலை வேண்டாம் என்றேன். வளைவுக்கு முன்னாலேயே இரண்டு பிரேக்கையும் பலமாகப் பிடித்து வேகத்தைக் குறையுங்கள், வளைவில் விடுங்கள், மறுபடி நேர்பாதையில் பலமாகப் பிடியுங்கள். நாலு, ஐந்து கி.மீ.க்கு ஒருமுறை ரோட்டோரம் நிறுத்தி ஆறவிடுங்கள். டிஸ்க் பிரேக்காக இருந்தாலும் நிறுத்துங்கள், சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள். கொண்டை ஊசி வளைவில் பஸ் முழு ரோட்டையும் எடுத்துத்தான் திரும்பும், ஏறுகிற வண்டிக்கு வழிவிட்டு வெளியே நில்லுங்கள். குளிரில் விரல் மரத்துப்போனால் பிரேக் பிடிக்காது. ஜனவரியில் ஊட்டியில் உறைபனி விழும், ஆகவே முழுவிரல் கையுறையும் காற்றுத் தடுக்கும் சட்டையும் இல்லாமல் இறங்காதீர்கள். பின்பக்கச் சிவப்பு விளக்கு பகலிலும் எரியட்டும், பனிமூட்டம் எப்போது வரும் என்று சொல்ல முடியாது.

இறக்கத்தை மட்டுமே விற்கிற ஏற்பாட்டாளர்களும் இருக்கிறார்கள். வேனில் மேலே கொண்டுபோய், வாடகை சைக்கிளைக் கையில் கொடுத்து, கீழே இறக்கிவிடுவார்கள். பிரேக் ரப்பர் தேய்ந்திருக்கும், உங்கள் உயரத்துக்கு சீட் இருக்காது. ஏறும் உழைப்பு இல்லை என்பதால் குடும்பத்தோடு வருகிறவர்கள் ஒத்துக்கொள்கிறார்கள். யார் கூப்பிட்டாலும் போகாதீர்கள்.

குன்னூர் வழியாக இறக்குகிறேன் என்கிறாரே அவர், அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. 14 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கிற தேசிய நெடுஞ்சாலை அது, பஸ், லாரி, சுற்றுலா வண்டி நாளெல்லாம் ஓடும். ஏறிவந்த கோத்தகிரி ரோட்டிலேயே திரும்புங்கள், ஏறும்போது எங்கே குழி, எங்கே ஈரம் என்று பார்த்திருப்பீர்கள். இன்னொன்று, கோடை சீசனில் வருபவர்களுக்கு: அப்போது மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் வண்டிகளைக் குன்னூர் வழியாகவும், இறங்குபவற்றைக் கோத்தகிரி வழியாகவும் திருப்பிவிடுவார்கள். கோத்தகிரி ஏற்றத்தில் நீங்கள் மொத்த கூட்டத்துக்கும் எதிரே போவீர்கள். சீசனில் வராதீர்கள், அவ்வளவுதான்.

கல்லட்டியில் வெளியூர் வண்டிகளை ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்க விடுவதில்லை. பிரேக் பிடிக்காமல் நிறைய உயிர் போனதால் வந்த கட்டுப்பாடு, நியாயமானது. ஆனால் சைக்கிள் அதில் சேர்த்தியா? நான் ஒரு அலுவலகத்தில் கேட்டேன், இன்னொரு இடத்தைக் கைகாட்டினார்கள், அங்கே முதலில் கேட்ட இடத்துக்கே போகச் சொன்னார்கள். எழுத்தில் ஒரு வரி கிடைக்கவில்லை. மலைப்பாதை அறிவிப்புப் பலகையெல்லாம் ‘முதல், இரண்டாவது கியரில் செல்லவும்’ என்றுதான் இருக்கிறது. சைக்கிளுக்கு ஒரு பலகை இல்லை, ஓரத்தில் ஒதுங்க இடம் இல்லை, சைக்கிளோடு ஏற ஒரு பஸ் இல்லை. கண்டக்டர் மனசு வைத்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. இந்த வெற்றிடத்தில்தான் ‘எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்கிற ஆட்கள் சம்பாதிக்கிறார்கள். மாவட்ட நிர்வாகம் ஒரே ஒரு பக்கத்தில், எந்தெந்த ரோட்டில் சைக்கிள் போகலாம், எங்கே கூடாது, எந்த நேரத்தில் கூடாது என்று போட்டிருந்தால் உங்கள் கடிதமே தேவைப்பட்டிருக்காது.

கிளம்புவதற்கு முன் மூன்று, நான்கு வாரம் இருக்கிறது. பாலத்தில் ஏறிப் பழகுவது போதாது. மருதமலை போல ஒரு சிறு ஏற்றத்தைத் தேர்ந்தெடுத்து, கூட்டம் இல்லாத விடிகாலையில், ஒரே நாளில் நாலைந்து முறை ஏறி இறங்கிப் பாருங்கள். புதிய கேசட்டோடு பாருங்கள், இறக்கத்தில் மேலே சொன்னபடி பிரேக் பிடித்துப் பாருங்கள். மூவரில் ஒருவருக்கு மூச்சு சீராகாமல் நெஞ்சில் அழுத்தம் இருந்தால் அவர் மலைக்கு முன்னால் மருத்துவரைப் பார்க்கட்டும், 40 வயதுக்கு மேல் இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. கோத்தகிரியை அடைந்ததும் யாராவது ஒருவருக்கு முடியவில்லை என்றால் மூவருமே மறுநாள் ஊட்டியை விட்டுவிட்டு, அந்த ஜீப்பில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு இறங்கிவிடுங்கள்.