மார்கழியில் மயிலாப்பூர்: ஒரு வாசகியின் கேள்வி

அன்புள்ள ஐயா,

டிசம்பர் கடைசி வாரத்தில் மூன்று நாள் பயணமாகச் சென்னை வருகிறோம். நான், கணவர், பத்து வயது மகள், எழுபது வயது மாமியார். போனமுறை வந்தபோது கையிலிருந்த பணம் ஆட்டோவுக்கும் மாலுக்குமே போய்விட்டது. என்ன பார்த்தோம் என்று யோசித்தால் எதுவும் நினைவில்லை. மாமியார் இதுவரை ரேடியோவில்தான் கச்சேரி கேட்டிருக்கிறார். ஒன்றாவது நேரில் கேட்க வேண்டும் என்று ஆசைப்படுகிறார். டிக்கெட் விலையைக் கேட்டால் மலைப்பாக இருக்கிறது. மதியக் கச்சேரிகள் இலவசமாமே? ஆனால் ஓசியில் போய் உட்காருவது கௌரவக் குறைச்சல் என்கிறார் கணவர். செலவைச் சுருக்கி எதைப் பார்க்கலாம், என்ன வாங்கலாம் என்று சொல்லுங்கள்.

ஆர்., பாளையங்கோட்டை

அன்புள்ள ஆர்.,

உங்கள் கணவர் சொன்னதிலிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் இது பலருக்கும் இருக்கிற தயக்கம். மார்கழியில் கச்சேரிகள் நடத்துகிற சபாக்கள் மதிய நேரத்தை வளரும் கலைஞர்களுக்கு ஒதுக்குகின்றன. மாலையில் பிரபலங்கள், அதற்கு டிக்கெட். மதியம் இளையவர்கள், பெரும்பாலும் அனுமதி இலவசம். இன்றைக்கு மாலைக் கச்சேரியில் அரங்கு நிறையப் பாடுகிறவர்களில் பலர் ஒரு காலத்தில் இந்த மதிய மேடையில் காலி நாற்காலிகளைப் பார்த்துப் பாடியவர்கள்தான்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு மதியம் அப்படி ஒரு கச்சேரியில் உட்கார்ந்திருந்தேன். மொத்தம் முப்பது பேர் இருந்திருப்போம். பாடிய பெண்ணுக்கு இருபது வயதிருக்கும். முதல் வரிசையில் ஒரு பாட்டி தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். பல்லவியில் ஒரு சங்கதி, அதாவது அதே வரியை வேறு விதமாகப் பாடும் அழகு, விழும்போதெல்லாம் அந்தப் பெண்ணின் கண் நேராகப் பாட்டியிடம்தான் போனது. பாட்டி தலையசைத்த பிறகுதான் அடுத்த சங்கதி வந்தது. மிருதங்கம் தனியாக வாசிக்கிற தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் பத்துப் பேர் காபிக்கு எழுந்தார்கள். பாட்டி அசையவில்லை. மிருதங்கம் வாசித்த பையன் அதற்குப் பிறகு அவருக்காகவே வாசித்தான் என்று சொல்வேன். உங்கள் மாமியார் போய் உட்காரப்போவது அந்த நாற்காலியில். அவர் அங்கே யாரிடமும் எதையும் இனாமாக வாங்கவில்லை. நன்றாகக் கேட்கிற ஒருவர் எதிரில் இருப்பது அந்தப் பிள்ளைகளுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று கணவரிடம் சொல்லுங்கள்.

அடுத்தது செலவு. போனமுறை உங்கள் பணத்தைத் தின்றது குறுக்கும் நெடுக்குமான அலைச்சல் என்றுதான் நினைக்கிறேன். காலையில் எழும்பூர், மதியம் மாமல்லபுரம், மாலை தி.நகர் என்று ஓடினால் பாதி நாள் நெரிசலில் போகும், பாதிப் பணம் வண்டிக்குப் போகும். இந்த முறை ஒரு நாளைக்கு ஒரு பேட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு முழு நாளை மயிலாப்பூருக்குக் கொடுங்கள். மார்கழி என்பதால் விடியும் முன்பே போய்விடுங்கள். கபாலீசுவரர் கோயிலைச் சுற்றியுள்ள மாட வீதிகளில் அந்த நேரத்தில் பஜனை கோஷ்டி பாடிக்கொண்டே வரும். பாடலாசிரியர் பாபநாசம் சிவன் பல வருஷங்கள் முன்னின்று நடத்திய வழக்கம் அது. வாசல்களில் அப்போதுதான் போட்ட ஈரக் கோலம் இருக்கும், உங்கள் மகள் மிதிக்காமல் நடக்கப் பழகிக்கொள்வாள். மத்தியானம் கோயில் நடை சாத்திவிடுவார்கள், அதற்குள் தரிசனம் முடியட்டும். அப்புறம் கிழக்கு மாட வீதியிலேயே பாரதிய வித்யா பவன் இருக்கிறது, மார்கழி இசை சீசனில் அங்கே பல கச்சேரிகளுக்கு டிக்கெட் கிடையாது. மாலையில் சாந்தோம் தேவாலயம் வரை போய்விட்டு அப்படியே கடற்கரைக்கு இறங்கலாம். தேவாலயத்தின் இன்று நாம் பார்க்கிற கட்டடம் 1896-இல் எழுந்தது. கோயிலிலிருந்து நடந்தே போகிற தூரம்தான். மாமியாருக்கு முடியாவிட்டால் அந்த ஓர் இடத்துக்கு மட்டும் ஆட்டோ வையுங்கள், அதில் கணக்குப் பார்க்க வேண்டாம். சபா கேண்டீனில் ஒரு வேளை சாப்பிடுங்கள், அதுவும் சீசனில் ஒரு பகுதிதான். மற்ற வேளைக்கு மாட வீதிப் பக்கத்து மெஸ்களே போதும், வயிறும் நிறையும்.

நீங்கள் ரயிலில் வந்து எழும்பூரில் இறங்குவதாக இருந்தால் முதல் நாளை அங்கேயே தொடங்கலாம். பெட்டிகளை ஸ்டேஷன் காப்பறையில் போட்டுவிட்டு பாந்தியன் சாலையிலுள்ள அரசு அருங்காட்சியகத்துக்குப் போங்கள். வெள்ளிக்கிழமை விடுமுறை, தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். நுழைவுக் கட்டணம் மிகக் குறைவு. 1851-இல் தொடங்கிய இடம். எல்லாக் கட்டடத்தையும் பார்த்தே தீருவேன் என்று கால் நோக நடக்க வேண்டாம். செப்புத் திருமேனிகள் இருக்கும் பகுதிக்கு நேராகப் போய், திருவெண்காட்டிலிருந்து வந்த அர்த்தநாரீசுவரர் முன் நில்லுங்கள். மகளை எண்ணச் சொல்லுங்கள்: வலது பக்கம் சிவனுக்கு இரண்டு கை, இடது பக்கம் அம்மைக்கு ஒரே கை. வலது முன்கை எதன்மேலோ சாய்ந்த மாதிரி மடிந்து நிற்கும், அதன் கீழே இருக்க வேண்டிய சிவனின் காளை இருக்காது. காளை எங்கே என்று அவள் கேட்பாள். இடது பக்கம் இடுப்பு வளைகிற இடத்தில் ஒரே உலோகம் எப்படி ஆண் உடலிலிருந்து பெண் உடலாக மாறுகிறது என்பதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். இன்னும் எந்த இடத்தில் மாறுகிறது என்று என்னால் விரல் வைத்துச் சொல்ல முடியவில்லை. ஏறக்குறைய ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய சோழர் கைவேலை அது. உங்கள் ஊர்ப் பக்கத்து ஆதிச்சநல்லூரில் தோண்டி எடுத்த பொருட்களும் இதே அருங்காட்சியகத்தில்தான் இருக்கின்றன, மாமியாரிடம் சொல்லுங்கள்.

ஊருக்குள் போக்குவரத்துக்குப் பறக்கும் ரயிலை நம்புங்கள். திருமயிலை, கோட்டூர்புரம், திருவான்மியூர் எல்லாம் ஒரே தடத்தில் வருகின்றன, டிக்கெட் சில்லறைக் காசுதான். கோட்டூர்புரத்தில் இறங்கினால் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் போகலாம். உள்ளே போகக் கட்டணம் இல்லை, குழந்தைகளுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. மகள் அங்கே இரண்டு மணி நேரம் உட்காரட்டும், பெரியவர்களுக்கும் அது ஓய்வு. மாநகரச் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். உங்கள் குடும்பத்தில் கணவர் ஒருவருக்குத்தான் டிக்கெட்.

வாங்குவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். திருநெல்வேலியில் கிடைக்கிற எதையும் இங்கே வாங்காதீர்கள். ரங்கநாதன் தெருவுக்குப் போயே ஆக வேண்டுமென்றால் வாரநாளில் கடை திறக்கும் நேரத்தில் போங்கள், ஞாயிறு மாலை வேண்டவே வேண்டாம். நான் சொல்வது, நான்கு பேருக்கும் சேர்த்து வைத்திருக்கிற பணத்தில் ஒரு நல்ல பொருள். கோ-ஆப்டெக்ஸில் ஒரு காஞ்சிபுரம் காட்டன் சேலை எடுங்கள். விலை ஒட்டியிருக்கும், பேரம் கிடையாது, கைத்தறி என்பதற்கு உத்தரவாதம் உண்டு, நெய்தவருக்கும் பங்கு போகும். பேரம் என்று வந்ததால் ஒன்று சொல்லிவிடுகிறேன். மாட வீதியில் பூ முழம் போடுகிற அம்மாவிடம் ஐந்து ரூபாய்க்கு வாதாட வேண்டாம். மிச்சம் பிடிக்க ஆட்டோவிலும் ஹோட்டலிலும் நிறைய இடம் இருக்கிறது. புத்தகம் வாங்கும் ஆசை இருந்தால் பயணத்தை ஜனவரிக்குத் தள்ளிப் பாருங்கள். சென்னைப் புத்தகக் காட்சியில் எல்லா அரங்கிலும் பத்து சதவீதத் தள்ளுபடி உண்டு, அப்போதும் ஊரில் கச்சேரிகள் முழுசாக ஓய்ந்திருக்காது.

மாமல்லபுரத்தை இந்த முறை விட்டுவிடுங்கள். அது தனியாக ஒரு நாள் கேட்கும்.

கிளம்புமுன் சபாக்களின் நிகழ்ச்சி நிரலைப் பார்த்து, மதியம் பாடுகிறவர்களில் இரண்டு பேரைக் குறித்துக்கொள்ளுங்கள். கால் மணி நேரம் முன்னதாகப் போனால் மாமியாருக்கு முன்வரிசை கிடைக்கும். ஏசி அரங்குகளில் குளிர் அதிகம், அவருக்கு ஒரு சால்வை எடுத்து வையுங்கள்.