ஆக்டிவ், பாஸிவ் வாய்ஸ்: வாசகர் கேள்விகள்

கேள்வி: ஆங்கிலத்தில் ஆக்டிவ் வாய்ஸைப் (செய்வினையை) பாஸிவாக (செயப்பாட்டுவினையாக) மாற்றும் அட்டவணை மனப்பாடம். ஆனாலும் பரீட்சையில் 'வாஸ்' வருமா, 'பீயிங்' வருமா, 'பீன்' வருமா என்று குழம்பிவிடுகிறேன். சுலபமான வழி இருக்கிறதா?

பதில்: இருக்கிறது. முதலில் அந்த அட்டவணையை மூடி வையுங்கள். பாஸிவில் முக்கிய வினைச்சொல் எந்தக் காலத்துக்கும் மாறாது, எப்போதும் பாஸ்ட் பார்ட்டிசிபிள்தான், அதாவது வினையின் மூன்றாம் வடிவம்: ரிட்டன், புரோக்கன், டேக்கன். காலத்தைக் காட்டும் பொறுப்பு முழுக்க 'பீ' வினையிடம் ('இஸ்', 'வாஸ்', 'பீயிங்', 'பீன்' எல்லாம் இதன் வடிவங்கள்) போய்விடுகிறது. அதனால் ஆக்டிவில் வினை எந்த வடிவத்தில் இருந்ததோ அதே வடிவத்தில் 'பீ'யைப் போட்டு, பின்னால் பார்ட்டிசிபிளைச் சேர்த்தால் வேலை முடிந்தது.

'ரைட்' வினையை எடுத்துக்கொள்வோம். 'ஷீ ரோட் எ லெட்டர்' என்பதில் 'ரோட்' இறந்தகாலம், 'பீ'யின் இறந்தகாலம் 'வாஸ்', ஆக 'எ லெட்டர் வாஸ் ரிட்டன்'. 'ஷீ இஸ் ரைட்டிங்' என்றால் அந்த 'இங்' இப்போது 'பீ'யோடு ஒட்டிக்கொள்ளும்: 'எ லெட்டர் இஸ் பீயிங் ரிட்டன்'. 'ஹாஸ் ரிட்டன்' என்பது 'ஹாஸ் பீன் ரிட்டன்' ஆகும், 'வில் ரைட்' என்பது 'வில் பீ ரிட்டன்'. அப்புறம், புது எழுவாய் ஒருமையா பன்மையா என்று பார்க்க மறக்காதீர்கள். 'லெட்டர்ஸ்' என்று வந்தால் 'வாஸ்' அல்ல, 'வேர்'. நிறையப் பேருக்கு மார்க் போவது இந்த இடத்தில்தான்.

கேள்வி: 'ஆன் ஆக்ஸிடென்ட் வாஸ் ஹேப்பன்ட்' என்று எழுதினேன், தவறு என்று அடித்துவிட்டார்கள். ஏன்?

பதில்: அடித்தது சரிதான். வினையைப் பார்த்து 'எதை?', 'யாரை?' என்று கேளுங்கள், பதில் வந்தால்தான் பாஸிவ் வரும். எழுதினாள், எதை? கடிதத்தை. நடந்தது, எதை? பதிலே இல்லை. செயப்படுபொருள் இல்லாத வினைக்குப் பாஸிவும் இல்லை. 'ஹேப்பன்', 'அரைவ்', 'ஸ்லீப்' எல்லாம் இந்த வகை. 'ஆன் ஆக்ஸிடென்ட் ஹேப்பன்ட்' என்பதே போதும். 'ரிசெம்பிள்' போன்ற சில வினைகள் மட்டும் செயப்படுபொருள் இருந்தும் பாஸிவுக்கு வராது, அவற்றைப் படிக்கப் படிக்கத் தெரிந்துகொள்ளலாம்.

கேள்வி: பாஸிவ் வாக்கியத்தில் 'பை' கட்டாயமா?

பதில்: கட்டாயமே இல்லை. 'மை சைக்கிள் வாஸ் ஸ்டோலன்' என்பது முழுமையான வாக்கியம். திருடியது யார் என்று தெரியாது, அதனால்தான் பாஸிவையே தேடிப் போகிறோம், அங்கே 'பை சம்படி' என்று ஒட்டவைத்தால் ஒரு புதுத் தகவலும் கிடைப்பதில்லை. செய்தவர் யார் என்பது முக்கியமானால் மட்டும் சேருங்கள், அப்போது 'ஹீ' என்பது 'பை ஹிம்' ஆகிவிடும். 'நோ' (தெரிந்திருத்தல்) வினையில் பெரும்பாலும் 'பை' வராது: 'ஹீ இஸ் நோன் டு மீ' என்றே எழுதுங்கள்.