தடியடியைப் படமெடுத்தால் அது ஆதாரமாக நிற்க என்ன செய்ய வேண்டும்?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஓர் ஆர்ப்பாட்டம் தடியடியில் முடிகிறது என்றால், லத்தி ஓங்கிய ஒற்றைப் படம் போதாது. 'அதற்கு முன்னால் யார் கல் எறிந்தது?' என்ற கேள்விக்கு அதில் பதில் இருக்காது. ஆகவே கூட்டம் அமைதியாக நிற்கும்போதே 24 அல்லது 35 மி.மீ. லென்ஸில், கடைப் பலகை தெரிகிற மாதிரி அகலமாக எடுக்கத் தொடங்குங்கள். ஷட்டர் 1/1000 நொடி. 1/250-இல் லத்தி வெறும் கோடாகக் கலங்கிவிடும். கேமரா கடிகாரத்தைக் காலையிலேயே செல்போன் நேரத்தோடு ஒத்துப்பாருங்கள்.

கடலூரில் பிற்பகலில் பெரும்பாலும் கிழக்கிலிருந்து கடற்காற்று அடிக்கும். கடல் பக்கமாக நின்றால் கண்ணீர்ப்புகை உங்களை விட்டு விலகிப் போகும். கான்டாக்ட் லென்ஸ் அணியவே வேண்டாம். விழுந்த கண்ணீர்ப்புகைக் குண்டைத் தொடாதீர்கள், சுடும். பக்கத்தில் ஒரு பேனாவை அளவுக்கு வைத்து, குண்டின்மேல் அச்சிட்ட எழுத்து தெரிய எடுங்கள்.

காரியம் கெடுவது பெரும்பாலும் பிறகுதான். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால், எடுத்த நேரமும் இடமும் கோப்பிலிருந்து போய்விடும். கேமராவின் மூல மெமரி கார்டைத் தொடாமல் வைத்து, நகலில் வேலை செய்யுங்கள். மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் ஆதாரமாக வைக்க, சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியம் 2023, பிரிவு 63-இன்படி தரும் சான்றிதழில் கோப்பின் ஹாஷ் மதிப்பைக் (கோப்பு மாறினால் தானும் மாறிவிடும், கைரேகை போன்ற எழுத்தெண் தொடர்) குறிப்பிட வேண்டும். அன்றிரவே கணக்கிட்டு எழுதிவையுங்கள். வெளியிடும் நகலில் போராடியவர்களின் முகங்களை மங்கலாக்காமல் முழுக்க மறையுங்கள். உங்கள் படத்தை வைத்தே அவர்கள்மேல் வழக்கு வந்துவிடக் கூடாது.