அட்வான்ஸ் கொடுக்கும் முன்: சென்னை வாடகை வீடு, வாசகர் கேள்வி பதில்

கேள்வி: இருவரும் வேலைக்குப் போகிறோம். பல்லாவரத்தில் 18,000 ரூபாய் வாடகையில் இரண்டு படுக்கையறை வீடு அமைந்திருக்கிறது. 5 மாத அட்வான்ஸ் கேட்கிறார்கள். கையில் ஒன்றரை லட்சம் இருக்கிறது. குடிபோகப் போதுமா?
புதுமணத் தம்பதி, குரோம்பேட்டை

பதில்: போதும், ஆனால் மிச்சம் அதிகம் இருக்காது. அட்வான்ஸ் 90,000. தரகர் மூலம் பிடித்த வீடு என்றால் தரகு ஒரு மாத வாடகை, 18,000. முதல் மாத வாடகை 18,000. சாவி கைக்கு வருவதற்குள் 1,26,000 போய்விடும். மீதி 24,000-இல் சாமான் ஏற்றும் வண்டி, ஃபேன், கீசர் மாட்டும் கூலி, இன்டர்நெட் இணைப்பு, திரைச்சீலை, பால் காய்ச்சும் செலவு எல்லாம் அடங்க வேண்டும். காலி வீடு என்றால் பல இடங்களில் ஃபேன்கூட இருக்காது, கொக்கி மட்டும் தொங்கும். அதைப் பார்க்கப் போகும்போதே கவனியுங்கள்.

அட்வான்ஸ் திரும்பி வரும் பணம்தானே என்று பலர் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. 90,000 ரூபாயை 6.5 சதவீத வட்டியில் போட்டால் வருடத்துக்கு 5,850 ரூபாய் கிடைக்கும். அதாவது மாதம் சுமார் 490 ரூபாய் கூடுதல் வாடகை கொடுக்கிறீர்கள். பழைய வழக்கப்படி 10 மாத அட்வான்ஸ் கேட்பவரிடம் இது 975 ரூபாய் ஆகிவிடும். பேரம் பேசும்போது இந்தக் கணக்கைச் சொல்லியே பேசலாம்: "அட்வான்ஸைக் குறைக்க முடியாது என்றால் வாடகையில் 500 குறையுங்கள்."

மாதச் செலவில் மறைந்திருப்பவை மெயின்டனன்ஸ், தண்ணீர், போக்குவரத்து. மெயின்டனன்ஸ் வாடகையோடு சேர்ந்ததா, தனியா என்று முதலில் கேளுங்கள். கோடையில் லாரித் தண்ணீர் வாங்கினால் அந்தக் காசு மெயின்டனன்ஸுக்குள் வருமா, தனியே பிரிப்பார்களா என்பது அடுத்த கேள்வி. இதை வீட்டுக்காரரிடம் கேட்பதைவிட மாடி வீட்டில் குடியிருப்பவரிடம் "மே மாதத்தில் தண்ணீர் எப்படி?" என்று கேட்டால் உண்மை தெரியும். குழாயின் முனையைப் பாருங்கள். வெள்ளை வெள்ளையாக உப்புப் படிந்திருந்தால் போர் தண்ணீர் கடினமானது. கீசர் காயிலும் வாஷிங் மெஷினும் சீக்கிரம் பழுதாகும், குடிக்கவும் சமைக்கவும் கேன் வாங்க வேண்டியிருக்கும்.

ஸ்டேஷனிலிருந்து 3 கிலோமீட்டர் தள்ளி 2,000 ரூபாய் குறைவாக வீடு கிடைத்தால் அவசரப்பட வேண்டாம். ஷேர் ஆட்டோவுக்கு ஆளுக்கு 20 ரூபாய் என்று வைத்தாலும், இரண்டு பேர் போக வர ஒரு நாளுக்கு 80. மாதம் 25 நாளுக்கு 2,000. மிச்சம் பிடித்தது அப்படியே போய்விடும், நேரமும் சேர்ந்து போகும்.

தரைத்தளம் என்றால் சுவரின் அடிப்பாகத்தைக் கவனியுங்கள். முழங்கால் உயரத்தில் பெயிண்ட் உப்பியோ, புதிதாக ஒரு பட்டை மட்டும் அடித்தோ இருந்தால் மழைக்காலத்தில் தண்ணீர் வந்ததா என்று தெருவில் விசாரியுங்கள். 2015 வெள்ளத்தில் வேளச்சேரி, முடிச்சூர் பக்கம் தரைத்தளத்தில் இருந்தவர்கள் பட்ட பாடு மறக்கக் கூடியது அல்ல. மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள வீடு என்றால் பிரச்சினை வேறு: கோடையில் கூரை இரவு வரை அனல் கக்கும், ஏசி ஓடும் நேரம் கூடும். அந்தச் செலவையும் வாடகையோடு சேர்த்துப் பாருங்கள்.

கேள்வி: 11 மாத ஒப்பந்தம் போதும், பதிவு எல்லாம் தேவையில்லை என்கிறார் தரகர். சரியா?
வாசகர், மேடவாக்கம்

பதில்: சரியில்லை. 11 மாதம் என்ற வழக்கம் 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்திலிருந்து வந்தது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிய வேண்டும் என்பதால், அதற்குள் அடங்கும்படி 11 மாதம் போட்டார்கள். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் புதிய வாடகைச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாகவும் வேண்டும். 11 மாதம் என்பதற்காக விலக்கு கிடையாது. துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அலுவலர்தான் வாடகை அதிகாரி. விண்ணப்பத்தை அரசின் இணையதளத்திலேயே அளிக்கலாம்.

பதிவில்லாத ஒப்பந்தத்தை நாளைக்கு வழக்கு என்று வந்தால் சான்றாகக் காட்டுவது கடினம். அதைவிட முக்கியமான ஒன்று பலருக்குத் தெரிவதில்லை. எழுத்து ஒப்பந்தம் செய்துகொள்ளவில்லை என்பதே, வீட்டைக் காலி செய்யச் சொல்ல உரிமையாளருக்குச் சட்டம் தரும் காரணங்களில் ஒன்று. "வாய்ப்பேச்சே போதும், நாங்கள் குடும்பம் மாதிரி" என்று இருப்பது வாடகைதாரருக்குத்தான் ஆபத்து.

இன்னொன்று. வாடகை உயர்வு எத்தனை மாதத்துக்கு ஒருமுறை என்பதை உற்றுப் பாருங்கள். 11 மாதத்துக்கு ஒருமுறை என்றால் 3 வருடத்துக்குள் 11, 22, 33-ஆம் மாதங்கள் முடிந்து மூன்று முறை ஏறும். 12 மாதத்துக்கு ஒருமுறை என்றால் இரண்டு முறைதான். சதவீதமும் எழுத்தில் வேண்டும். 18,000 வாடகை 5 சதவீத உயர்வில் மூன்றாம் வருடம் 19,845 ஆகும். 10 சதவீதத்தில் 21,780. ஒவ்வொரு மாதமும் கிட்டத்தட்ட 1,900 ரூபாய் வித்தியாசம்.

கேள்வி: மூன்று போர்ஷன் உள்ள வீட்டில் சப் மீட்டர் போட்டு யூனிட்டுக்கு 10 ரூபாய் வாங்குகிறார்கள். இலவச 100 யூனிட் எங்களுக்குக் கிடையாதா?
வாசகி, திருவொற்றியூர்

பதில்: இலவச யூனிட் மின் இணைப்புக்குத்தான், குடும்பத்துக்கு அல்ல. மூன்று போர்ஷனுக்கும் ஒரே இணைப்பு என்றால் இரண்டு மாதத்துக்கு மொத்தமே 100 யூனிட்தான் இலவசம்.

இதனால் எவ்வளவு போகிறது என்று பாருங்கள். உங்கள் போர்ஷனுக்குத் தனி இணைப்பு இருந்து இரண்டு மாதத்தில் 400 யூனிட் ஓடினால், 2024 ஜூலை கட்டண விகிதப்படி பில் 1,175 ரூபாய். சப் மீட்டரில் யூனிட்டுக்கு 10 ரூபாய் வீதம் 4,000 கொடுக்கிறீர்கள். வித்தியாசம் 2,825. மாதத்துக்கு 1,400 ரூபாய்க்கு மேல் வாடகை கூட்டியதற்குச் சமம். வாடகை குறைவு என்று இந்த வீட்டை எடுத்திருந்தால், அந்தக் குறைவு மின்சாரத்தில் திரும்பப் போய்விடுகிறது.

உரிமையாளர் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. மூன்று வீட்டு மின்சாரமும் ஒரே மீட்டரில் ஓடுவதால் 500 யூனிட்டை எளிதில் தாண்டும். தாண்டிய உடனே 101 முதல் 200 வரையிலான மலிவு விலை போய்விடும், மேல் அடுக்குகளின் விலையும் வேகமாக ஏறும். எனவே அவர் முழுதும் லாபம் பார்க்கிறார் என்று சொல்ல முடியாது. ஆனாலும் 10 ரூபாய் என்ற சுற்று எண் எதன் அடிப்படையில் வந்தது என்று கேட்கலாம். நேர்மையான முறை: வாரியத்தின் பில்லைக் காட்டி, மொத்தத் தொகையை மொத்த யூனிட்டால் வகுத்து, வரும் விலையை உங்கள் யூனிட்டோடு பெருக்குவது. பில் யாருக்கும் ரகசியமல்ல, இணைப்பு எண் இருந்தால் இணையத்திலேயே பார்க்கலாம். நீடித்த தீர்வு ஒவ்வொரு போர்ஷனுக்கும் தனி இணைப்பு. செலவைப் பகிர்ந்துகொள்ள முன்வந்தால் உரிமையாளர்கள் சிலர் சம்மதிக்கிறார்கள்.

சப் மீட்டரையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள். ஃபிரிட்ஜ் உட்பட எல்லாவற்றையும் அணைத்து உங்கள் போர்ஷனின் மெயின் சுவிட்சையும் இறக்குங்கள். அதன் பிறகும் மீட்டரில் சிவப்பு விளக்கு சிமிட்டினாலோ எண் நகர்ந்தாலோ, மாடிப்படி விளக்கோ தண்ணீர் மோட்டாரோ உங்கள் மீட்டர் வழியாக ஓடுகிறது என்று பொருள். எலக்ட்ரீஷியனை வைத்து இதை அரை மணி நேரத்தில் கண்டுபிடிக்கலாம்.

தகராறு வந்ததும் மின்சாரத்தையோ தண்ணீரையோ நிறுத்துவது சட்டப்படி தவறு. வாடகை அதிகாரியிடம் முறையிட்டால் மீண்டும் தரும்படி உத்தரவிட அவருக்கு அதிகாரம் உண்டு.

கேள்வி: எந்த மாதத்தில் தேடினால் வாடகை படியும்?
வாசகர், பெரம்பூர்

பதில்: ஆடியிலும் மார்கழியிலும். யாரும் குடிபோக மாட்டார்கள் என்பதால் வீடு பூட்டிக் கிடக்கும், உரிமையாளர் இறங்கி வருவார். ஆடியில் பேசி முடித்து டோக்கன் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, ஆவணி முதல் தேதியிலிருந்து வாடகை என்று எழுதிக்கொள்ளலாம். இதே காரணத்தால் நீங்கள் ஆடியில் காலி செய்வதாகச் சொன்னால் பழைய வீட்டுக்காரர் முகம் சுளிப்பார். முன்னறிவிப்பு ஆனி மாதத்தில் முடியும்படி பார்த்துக்கொள்ளுங்கள். பள்ளி திறக்கும் ஜூனை ஒட்டியும் தை பிறந்ததும் தேடினால் பேரத்துக்கு இடமே இருக்காது.

கேள்வி: மூன்று வருடம் இருந்து காலி செய்தோம். ஒரு லட்சம் அட்வான்ஸில் பெயிண்டுக்கு ஒரு மாத வாடகை, சுத்தம் செய்ய 5,000 என்று பிடித்துக்கொண்டார். மீதியும் இரண்டு மாதமாக வரவில்லை. என்ன செய்வது?
வாசகி, அரும்பாக்கம்

பதில்: எங்களுக்கு வரும் கடிதங்களில் அதிகம் மனதைக் கஷ்டப்படுத்துவது இந்த வகைதான். அடுத்த வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்க இந்தப் பணத்தைத்தானே நம்பியிருப்பீர்கள்.

அட்வான்ஸை, நியாயமான பாக்கிகளைக் கழித்துக்கொண்டு, காலி செய்த ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும் என்கிறது சட்டம். மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்றும் இருக்கிறது. ஆனால் "ஒப்பந்தத்தில் வேறு விதமாக ஒத்துக்கொண்டிருந்தால் ஒழிய" என்ற விலக்கோடு. அதனால்தான் 5 மாதம், 6 மாதம் என்று இன்னும் வாங்குகிறார்கள்.

பெயிண்ட் விஷயத்தில் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையைப் பாருங்கள். சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்கு வர்ணம் பூசுவது, கட்டடத்தின் பெரிய பழுது, குழாய் லைன், மின் வயரிங் மாற்றுவது உரிமையாளர் பொறுப்பு. குழாயின் வாஷர், சுவிட்ச், பிளக், பூட்டு, ஜன்னல் கண்ணாடி, கழிவறை, கீசர் போன்றவற்றின் சிறு பழுது வாடகைதாரர் பொறுப்பு. இங்கும் ஒப்பந்தத்தில் வேறாக எழுதியிருந்தால் எழுதியபடிதான். எனவே முதலில் உங்கள் ஒப்பந்தத்தை எடுத்து, "காலி செய்யும்போது ஒரு மாத வாடகை பெயிண்டுக்கு" என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்தத் தொகையை மீட்பது கடினம். இல்லையென்றால் வழக்கம் என்ற ஒரே காரணத்துக்காக அவர் பிடிக்க முடியாது. மூன்று வருடத்தில் வெயில்பட்டு மங்கிய சுவரும் காலண்டர் ஆணியின் ஓட்டையும் இயல்பான தேய்மானம். உடைந்த டைல்ஸ், விரிசல் விட்ட வாஷ்பேசின் என்றால் உங்கள் பொறுப்பு, அதற்கும் பில் கேளுங்கள்.

போய்ச் சேர்ந்ததற்கான அத்தாட்சி கிடைக்கும்படி ஸ்பீட் போஸ்டில் ஒரு கடிதம் அனுப்புங்கள். ஒப்பந்தத் தேதி, அட்வான்ஸ் கொடுத்த விதம், சாவி ஒப்படைத்த நாள், பிடித்த தொகை, திரும்ப வர வேண்டிய தொகை, 15 நாள் கெடு, உங்கள் வங்கிக் கணக்கு எண். கோபமான சொல் ஒன்றும் வேண்டாம். பல உரிமையாளர்கள் இந்தக் கடிதத்துக்கே பணத்தைப் போட்டுவிடுகிறார்கள். வரவில்லையென்றால் வழக்கறிஞர் நோட்டீஸ். அதற்கும் மசியாவிட்டால் எந்த மன்றத்துக்குப் போவது என்பதை ஒப்பந்தம் பதிவானதா என்று பார்த்து வழக்கறிஞர் சொல்வார்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: சாவி கொடுக்கும் நாளில் காலி வீட்டை அறை அறையாக வீடியோ எடுங்கள். மின் மீட்டர் எண்ணைப் படம் எடுங்கள். "சாவி பெற்றுக்கொண்டேன், பாக்கி இல்லை" என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். குடிவரும் நாளிலும் அதே வீடியோ வேண்டும், ஏற்கெனவே உடைந்திருந்தது எது என்பதற்கு வேறு சாட்சி கிடையாது. அட்வான்ஸ் வராது என்று பயந்து கடைசி மாதங்களின் வாடகையைக் கொடுக்காமல் விடுபவர்கள் உண்டு. அந்தப் பயம் புரிகிறது. ஆனால் இரண்டு மாத வாடகைப் பாக்கி, காலி செய்யச் சொல்லக் காரணமாகிவிடும். உரிமையாளர் "அட்வான்ஸில் கழித்துக்கொள்கிறேன்" என்று வாட்ஸ்அப்பிலாவது எழுதித் தந்த பிறகு அப்படிச் செய்யுங்கள்.

கேள்வி: கொளத்தூரில் 8 லட்சத்துக்கு 3 வருட லீஸ் வீடு வருகிறது. வாடகை இல்லை, பணமும் முழுதாகத் திரும்பும் என்கிறார்கள். எடுக்கலாமா?
வாசகர், வில்லிவாக்கம்

பதில்: 8 லட்சத்துக்கு 7 சதவீத வட்டி என்றால் மாதம் சுமார் 4,670 ரூபாய். 12,000 பெறும் வீட்டுக்கு இது லாபமாகத் தெரியும். சொந்தப் பணமாக இருந்தால் லாபம்தான். தனிநபர் கடன் வாங்கி லீஸுக்குப் போனால் வட்டியே வாடகையை நெருங்கிவிடும்.

சிக்கல் பணத்தின் பாதுகாப்பில் இருக்கிறது. உரிமையாளர் 8 லட்சத்தை வங்கியில் போட்டு வைக்கப் போவதில்லை, எங்கோ செலவழித்துவிடுவார். அடுத்த லீஸ் ஆள் வந்தால்தான் உங்கள் பணம் திரும்பும். வீடு வங்கியில் அடமானத்தில் இருந்து தவணை கட்டாமல் போனால், வங்கி வீட்டைக் கையகப்படுத்தும்போது பதிவு செய்யாத ஒப்பந்தத்தோடு நிற்பவருக்கு ஏறக்குறைய பிடி எதுவும் இல்லை.

ஆகவே முதல் வேலை வில்லங்கச் சான்றிதழ், அதாவது சொத்தின் மீது பதிவான விற்பனை, அடமானங்களின் பட்டியல். பதிவுத்துறை இணையதளத்தில் 30 வருடத்துக்குப் பாருங்கள். உரிமை ஆவணங்களை வங்கியில் ஒப்படைத்த பதிவு இருக்கிறதா, அதற்குப் பிறகு ரசீது ஆவணம் பதிவாகிக் கடன் தீர்ந்ததா என்று கவனியுங்கள். மூலப் பத்திரத்தை நேரில் காட்டச் சொல்லுங்கள். நகலை மட்டும் காட்டினால் அசல் எங்கே என்று கேளுங்கள். சொத்து வரி ரசீதும் பத்திரமும் ஒரே பெயரில் இருக்க வேண்டும். பத்திரம் போக்கியமாக (கொடுத்த பணம் திரும்பும் வரை வீட்டை அனுபவிக்கும் உரிமை தரும் அடமானமாக), சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாக வேண்டும். பதிவுச் செலவைக் காட்டி மறுத்தால் விட்டுவிடுங்கள். பணத்தை வங்கி வழியாக, பத்திரத்தில் பெயர் உள்ளவரின் கணக்குக்கு மட்டும் அனுப்புங்கள். இடையில் ஒருவர் உரிமையாளரிடம் மாத வாடகைக்கு எடுத்து, உங்களிடம் லீஸ் பணம் வாங்கிக்கொண்டு, சில மாதம் வாடகை கட்டிவிட்டுக் காணாமல் போகும் மோசடி இந்த ஊரில் நடக்கிறது. உரிமையாளரை நேரில் பார்த்துப் பேசாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: வாடகைக்கு வருமான வரிச் சலுகை கிடைக்குமா? வீட்டுக்காரர் பான் எண் தர மறுக்கிறார்.
வாசகர், சோழிங்கநல்லூர்

பதில்: பழைய வரி முறையில் இருந்தால் மட்டும் கிடைக்கும். மூன்று தொகைகளில் குறைவானது கழியும்: சம்பளத்தில் வரும் வீட்டு வாடகைப் படி, வாடகையிலிருந்து அடிப்படைச் சம்பளத்தில் 10 சதவீதம் போக மீதி, சென்னைக்கு அடிப்படைச் சம்பளத்தில் பாதி. அடிப்படைச் சம்பளம் 40,000, வாடகைப் படி 16,000, வாடகை 18,000 என்றால் கணக்கு 16,000, 14,000, 20,000 என்று வரும். மாதம் 14,000-க்கு வரி இல்லை. வருட வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால், அதாவது மாதம் 8,333-க்கு மேல் போனால், உரிமையாளரின் பான் எண்ணை அலுவலகம் கேட்கும். குடியேறிய பிறகு கேட்டால் தயங்குவார்கள். டோக்கன் அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே கேட்டு, ஒப்பந்தத்தில் அவர் பெயருக்குப் பக்கத்திலேயே எண்ணை எழுத வைத்துவிடுங்கள்.