அட்டெனலாலை நீங்களாக நிறுத்த வேண்டாம்

அக்கா, மார்ஃபன் என்ற பிறவிக் கோளாறு (உடலின் இணைப்புத் திசுவைப் பலவீனமாக்குவது) உள்ள உங்கள் மகன், துடிப்பைக் குறைக்கும் அட்டெனலால் மாத்திரை போட்டதிலிருந்து ஏற்காட்டு மேட்டில் ஏறவே சோர்ந்துபோகிறான், நிறுத்திவிட்டு லோசார்டன் என்ற ரத்த அழுத்த மருந்துக்கு மாறலாமா என்று கேட்டிருந்தீர்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். சட்டென்று விட்டால் துடிப்பும் ரத்த அழுத்தமும் எகிறும், இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயான பெருந்தமனி மார்ஃபனில் விரிந்து பலவீனமாகும், அதற்கு இது ஆகவே ஆகாது.

அஸ்தம்பட்டியில் என் மகளுக்கும் இதே சோர்வுதான். மாடி ஏறி வந்ததும் மணிக்கட்டில் நாடி எண்ணி நோட்டில் குறித்தேன். அதைப் பார்த்துத்தான் டாக்டர் அளவைக் குறைத்தார். 2014இல் வந்த ஆய்வில் சிறுவர், இளைஞர் 608 பேரை மூன்று ஆண்டுகள் கவனித்தும், பெருந்தமனி விரிவதில் இரண்டு மருந்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அதனால் டாக்டரிடம் மாற்றித் தரக் கேட்கத் தயங்காதீர்கள்.

அப்புறம், வயிற்றுப்போக்குக்குக் கடையில் சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் வாங்காதீர்கள். பெருந்தமனி கிழியும் அபாயம் உண்டு. நெஞ்சிலோ முதுகிலோ திடீரெனக் கிழிப்பதுபோல வலித்தால், காத்திருக்காமல் மலையிலிருந்து சேலம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்விடுங்கள்.